வலையங்குளத்து வைத்தியம்

உங்கள் வீட்டில் மல்லிகைச் செடி இருக்கிறதா? இருந்தால், அது பூக்கிறதா? இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்று பதில் சொல்லக் கூடிய பாக்கியசாலிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராகத் தொடர்கதைக்குப் போய்விடலாம். முதல் கேள்விக்கு "ஆமாம்" என்றும், இரண்டாவது கேள்விக்கு ஒரு பெருமூச்சும் பதிலாகத் தருகிறவர்கள் மட்டும் என்னோடு மதுரைக்குப் புறப்படுங்கள். ரயில் சார்ஜைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ஆபீஸ் கணக்கு.

முதலில் எங்கள் வீட்டுச் செடியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். அது நோஞ்சான் செடி அல்ல. என் மார்பு உயரத்துக்கு வளர்ந்து, வாசல் கம்பிக் கதவைத் திறக்க விடாமல் படர்ந்து நிற்கிறது. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும். பூச்சி கிடையாது, புழு கிடையாது, மஞ்சள் பாரித்த இலை ஒன்று கிடையாது. மூன்று வருஷமாக மொட்டும் கிடையாது!

மதுரையில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் இருந்த மல்லிகையிலிருந்து என் தகப்பனார் பதியன் போட்டு எடுத்த செடி அது. அவர் காலமான பிறகு, அந்த வீட்டை விற்றுவிட்டு அம்மாவை நங்கநல்லூருக்கு அழைத்து வந்தோம். மற்றச் சாமான்கள் எல்லாம் லாரியில் வந்தன. செடி மட்டும் ஒரு பழைய எண்ணெய் டின்னில், அம்மாவின் காலடியில், ரயிலில் வந்தது. வழி நெடுக அது குலுங்காமல் இருக்க வேண்டுமே என்று அவள் தூங்கவே இல்லை.

வந்த செடியை அம்மா கவனித்துக் கொண்டதைப் போல் எங்களை யாரும் கவனித்ததில்லை. காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர். அரிசி களைந்த நீர் அதற்குத்தான். டீத்தூள் சக்கை அதற்குத்தான். மாதம் ஒரு முறை சாணி எரு, நடுநடுவே கடலைப் பிண்ணாக்குக் கரைசல். செடியும் நன்றி கெட்டது என்று சொல்ல முடியாது. அள்ளி அள்ளி இலையாகத் திருப்பிக் கொடுத்தது.

அக்கம் பக்கத்தில் யோசனைக்கா பஞ்சம்? முட்டை ஓட்டைப் பொடி செய்து போடு என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். முருங்கைக்குச் செய்கிற மாதிரி ஒரு பழஞ் செருப்பைக் கட்டித் தொங்க விடு, வெட்கப்பட்டுப் பூக்கும் என்றாள் ஓர் அம்மாள். இன்னொருத்தி, "இது மலட்டுச் செடி, பிடுங்கிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்த ஊரில் இது எப்படிப் பூத்துக் கொட்டிற்று என்று எனக்குத் தெரியும். அதற்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றாள்.

'அதற்கு' என்று அவள் சொன்ன தினுசைக் கேட்டு நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். ஏனென்றால், அதற்கு முந்தின வாரம்தான் அம்மா, மதுரையில் தன் தங்கை வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதாம் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஆசிரியர், "மதுரை மல்லிகையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும், போய்விட்டு வாருமே" என்றார். நான் எதிர்க் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்ட முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

நவம்பர் மாதம் கடைசி வாரம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருட்டுப் பிரிவதற்குள் மதுரையில் இறக்கிவிட்டது. ஒரு காப்பியைக் குடித்துவிட்டு நேரே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். கண்ணை மூடிக் கொண்டு போனாலும் மூக்கு வழி காட்டும் இடம் அது. செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, அரளி, மரிக்கொழுந்து என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக் கொண்டிருந்தன. தராசுத் தட்டுகளின் சத்தமும், விலை கூறுகிறவர்களின் சத்தமும் சேர்ந்து காது அடைத்தது. ஆனால், எந்த மல்லிகையைத் தேடி வந்தேனோ அது மட்டும் ஒரு மூலையில், ஈரத் துணி போர்த்திய சிறு குவியலாக, சீமந்த புத்திரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. விலையைக் கேட்டேன். சொன்னார். தப்பாகக் காதில் விழுந்ததோ என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார்.

"இது பனிக்காலம் சார். செடி அடங்குற நேரம். இருக்கிற செடியையும் இப்ப வெட்டிக்கிட்டு இருப்பாக. தையில முகூர்த்தம் வரட்டும், இதுக்கு மேல ஏறும்" என்றார் வியாபாரி.

"வெட்டுவார்களா? எதை?"

"செடியைத்தான். அருப்புக்கோட்டை ரோட்டுல அங்கிட்டுப் போய்ப் பாருங்க."

விலை ஏறிக் கொண்டிருக்கும்போது செடியை வெட்டுவதா? எனக்குப் புரியவில்லை. அருப்புக்கோட்டைச் சாலையில் போகும் பஸ்ஸில் ஏறி, விமான நிலையத்தைத் தாண்டி, வலையங்குளத்தில் இறங்கினேன்.

மதுரைக்குத் தெற்கே இந்தப் பக்கத்துக் கிராமங்களும், மேற்கே உசிலம்பட்டிப் பக்கமும், வடமேற்கே நிலக்கோட்டை வட்டாரமும் சேர்ந்துதான் உலகத்துக்கு மதுரை மல்லிகையைக் கொடுக்கின்றன. 2013-ஆம் வருஷம் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சீபுரம் பட்டைப் போல, இந்தப் பெயரை இந்த வட்டாரத்துப் பூ மட்டுமே வைத்துக் கொள்ளலாம் என்று அர்த்தம். இதழ் கனமாக, மொட்டு உருண்டு திரண்டு, வாசனையும் சீக்கிரம் போகாமல் இருப்பது இதன் விசேஷம். மல்லிகைக்கு நம்மைப் போல் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் வேறு தேசத்திலும் உண்டு. பிலிப்பைன்ஸ்காரர்கள் 1934-லேயே இதே இனத்து மல்லிகையைத் தங்கள் தேசிய மலராக்கிக் கொண்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் அதை மாலையாகப் போட்டுக் கொள்வார்களே தவிர, பின்னலில் செருகி நாலு முழம் தொங்க விடுவதற்கு நம் ஊர்ப் பெண்கள்தான் வர வேண்டும்.

சாலையை விட்டு வரப்பில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். அங்கே கண்ட காட்சி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப் பசேலென்று, எங்கள் வீட்டுச் செடியைப் போலவே ஆரோக்கியமாக நின்ற மல்லிகைச் செடிகளை இரண்டு ஆண்கள் வரிசையாக வெட்டிக் கொண்டு வந்தார்கள். நுனியைக் கிள்ளுவதல்ல, முழங்கால் உயரத்துக்கு மொட்டை! அவர்களுக்குப் பின்னால் மூன்று பெண்கள், வெட்டிய செடியில் மிச்சமிருந்த இலைகளையும் உருவிப் போட்டுக் கொண்டு வந்தார்கள். முடிந்த வரிசைகளில் வெறும் குச்சிகள்தான் நின்றன. தீ விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தது.

வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்துக் கொண்டிருந்த தோட்டக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"என்ன தம்பி, செடி செத்துப் போச்சுன்னு பாக்குறீகளா? கவாத்துப் பண்ணுறோம். வெட்டலேன்னா மாசியில எங்கிட்டுப் பூக்கும்?"

நான் பத்திரிகைக்காரன் என்பதை மறந்தேன். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் வந்தவன் போல் எங்கள் செடியின் கதையைக் கொட்டினேன். அந்த அம்மாள் வைத்தியரைப் போலவே கேள்வி கேட்டாள்.

"வெயில் விழுகுதா?"

"காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரைக்கும்."

"அப்ப நிழல் குத்தம் இல்லை. செடி எங்க வாங்குனது? சிலபேரு வேற சாதிச் செடியை மல்லின்னு குடுத்துருவாக."

"எங்கள் வீட்டுச் செடியிலேயே பதியன் போட்டது."

"அப்ப அதுவும் இல்லை."

அவள் இப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து மல்லிகை விதை கட்டி முளைக்கிற வழக்கமில்லை. கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர் விட வைக்க வேண்டும். அல்லது குச்சியை வெட்டி நட வேண்டும். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்து மணலில் இப்படி நாற்று உண்டாக்கி விற்பதே ஒரு தொழில். ஆகையால், பதியன் என்பது தாய்க்குப் பிறந்த குழந்தை அல்ல, தாயேதான். மதுரைக் கொல்லையில் பூத்துக் கொட்டிய அதே செடிதான் நங்கநல்லூரிலும் நிற்கிறது.

"தண்ணி எம்புட்டு ஊத்துறீக?" என்று கேட்டாள். நாலு குடம் என்றேன். சாணி, பிண்ணாக்கு, கழுநீர் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சுளித்தது.

"வெட்டுனீகளா?"

"ஒரு தடவை கூட இல்லை. அம்மா கத்தியைக் கிட்டே கொண்டு போக விடமாட்டாள்."

"அதான் சங்கதி! தம்பி, அதுக்கு என்ன கொறை? திங்க இருக்கு, குடிக்க இருக்கு. அது எதுக்குப் பூக்கணும்? இலையைப் போட்டுக்கிட்டுச் சொகமா இருக்கு. மல்லி பழைய கம்புல பூக்காது. வெட்டுன எடத்துல புதுசா ஒடிச்சு வருது பாருங்க கிளை, அதோட நுனியிலதான் அரும்பு கட்டும், மூணு மூணா. வெட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாளைக்குத் தண்ணியைக் காட்டக் கூடாது. காயப் போட்டு, வெட்டி, அப்புறம் எரு வச்சுத் தண்ணி விட்டா, மாசி பங்குனியில அள்ள மாட்டீக."

அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனவளாகத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னதன் ஒரு பாதியை, 1918-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஆரிகன் விவசாயக் கல்லூரியைச் சேர்ந்த கிராஸ், கிரேபில் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தக்காளிச் செடியை வைத்துக் கொண்டு கண்டுபிடித்தார்கள். செடிக்குள் இரண்டு கணக்கு நடக்கிறது. இலை, வெயிலைக் கொண்டு மாவுச் சத்தைத் தயாரிக்கிறது. வேர், மண்ணிலிருந்து தழைச்சத்தை இழுக்கிறது. தழைச்சத்தும் தண்ணீரும் மிதமிஞ்சி வந்து கொண்டே இருந்தால், தயாராகிற மாவுச் சத்து அவ்வளவும் மேலும் மேலும் தண்டும் இலையும் உண்டாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது, கையிருப்பு சேர்வதில்லை. அப்படிப்பட்ட செடி கொழுகொழுவென்று வளரும், காய்க்காது. தழைச்சத்தை அளவோடு நிறுத்தியபோதுதான் காய் பிடித்தது. அடியோடு நிறுத்தினால், அதுவும் கெடுதல்; வளரவும் இல்லை, காய்க்கவும் இல்லை. பின்னால் வந்தவர்கள் இந்தக் கணக்கில் பல திருத்தங்கள் சொன்னார்கள். என்றாலும் சாணியும் பிண்ணாக்கும் தின்று பூக்காமல் நிற்கும் செடிக்கு இன்றைக்கும் இதுவே முதல் விளக்கம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தாரின் சிபாரிசும் வலையங்குளத்து அம்மாளின் பேச்சும் அநேகமாக ஒன்றுதான். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். செடி ஒன்றுக்கு வருஷத்தில் தழைச்சத்து 60 கிராம் என்றால், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலைக்கு 120 கிராம். அதை வெட்டிய கையோடு பாதியும், ஜூன், ஜூலையில் பாதியுமாகக் கொடுக்க வேண்டும். தழைச்சத்தைப் போல் மற்ற இரண்டும் இரட்டிப்பு என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததோ நேர்மாறு.

"விலை ஏறுகிற சமயத்தில் வெட்டுகிறீர்களே, மனசு வருகிறதா?" என்று கேட்டேன்.

"வராதுதான். தையில ஒரு கிலோ பூ இருந்தா ஒரு பவுனு மாதிரி. அதுக்கு ஆசைப்பட்டுச் சிலபேரு பாதித் தோட்டத்தை விட்டு வெட்டுவாக. ஆனா இந்தப் பனியில எம்புட்டுப் பூத்துரும்? கைப்பிடி. அதுக்காக ஒரு வருசத்தை விட முடியுமா?" என்றாள்.

பேசிக் கொண்டே, இன்னும் வெட்டாத செடி ஒன்றிலிருந்து நாலைந்து மொட்டைக் கிள்ளி என் கையில் கொடுத்தாள். சீசன் சமயத்தில் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு பறிக்க வருவார்களாம். அன்று சாயங்காலம் மலரப் போகிற மொட்டு எது என்று விரலுக்குத் தெரியுமாம். நாளைய மொட்டைப் பறித்தால் மலராது. நேற்றைய மொட்டு பறிக்கும்போதே பூவாகிவிட்டிருக்கும். ஆயிரக் கணக்கான மொட்டுகள் சேர்ந்தால்தான் தராசில் ஒரு கிலோ. மார்க்கெட்டில் நான் விலையைக் கேட்டு மலைத்ததற்காக அப்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, கத்தரிக்கோலும் கையுமாகத் தோட்டத்தில் இறங்கி எதிர்ப்பட்டதை எல்லாம் வெட்டிவிடாதீர்கள். ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும்தான் வெட்டுவார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் பந்து பந்தாகப் பூக்கிறதே ஹைட்ரேஞ்சியா, அதில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜாதி, முந்தின வருஷத்துக் கிளையிலேயே மொட்டை ஒளித்து வைத்திருக்கும். அதைக் குளிர்காலத்தில் மல்லிகை மாதிரி வெட்டினால் அந்த வருஷத்துப் பூவே போயிற்று. அங்கே பூக்காததற்குக் கத்தரிக்கோலே காரணம். அதே மலைச் சரிவில் இருக்கும் நீலக் குறிஞ்சிக்கோ எந்த வைத்தியமும் ஏறாது. கொடைக்கானல், மூணாறு பக்கத்தில் 2006-ல் பூத்தது, அப்புறம் 2018-ல்தான் பூத்தது. நடுவில் உள்ள பதினோரு வருஷமும் அது ஆரோக்கியமாகத்தான் நிற்கும்.

ஊர் திரும்பினேன். வாசலில் செடி முன்னிலும் பசுமையாக நின்றது. அம்மா சொம்பும் கையுமாகப் பக்கத்தில் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். 'வெட்டு' என்ற வார்த்தை வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"உன் அப்பா கையால் வைத்தது. இருக்கிற ஒன்றையும் வெட்டிப் போடச் சொல்கிறாயா? ஊரில் இருபது வருஷம் பூத்ததே, அங்கே யார் வெட்டினார்கள்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வலையங்குளத்து அம்மாளிடமும் இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அவ்வளவுதான், வழக்கு தோற்றது என்று நினைத்தேன். அப்போது என் மனைவி, காய் நறுக்கிக் கொண்டிருந்தவள், நிமிராமலே கேட்டாள்:

"ஏன் அத்தை, பக்கத்து வீட்டு ஆடு வந்து மேய்ந்துவிட்டுப் போகும் என்று கதை சொல்வீர்களே, அது எந்தச் செடியை?"

அம்மா பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "இதைத்தான்" என்றாள். "கார்த்திகைக்கு அகல் கழுவக் கிணற்றடிக்குப் போகிற சமயம் பார்த்து உள்ளே வந்துவிடும் சனியன். குச்சி குச்சியாக நிற்கும் செடி. வருஷா வருஷம் இதே கூத்து. உன் மாமனார், 'போகட்டும், வாயில்லா ஜீவன்' என்பார். நான்தான் சண்டைக்குப் போவேன்."

"அந்த வருஷங்களில் பூத்ததா?"

"பூக்காமல் என்ன? பங்குனியில் பறிக்கக் கை போதாது..." என்று சொல்லிக் கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சொம்பைக் கீழே வைத்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், நங்கநல்லூருக்கு வந்து அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. "அடப் பாவமே! அந்த ஆட்டை எத்தனை திட்டுத் திட்டினேன்!"

தண்ணீரை நிறுத்தலாம் என்றால், சென்னையில் அப்போது மழை நிற்கவில்லை. குடத்து நீரை மட்டும் நிறுத்தினோம். மழை விட்டு நாலைந்து நாள் வெயில் காய்ந்ததும், டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை நான் வெட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று முழங்கை வைத்து உயரம் அளந்தாள். மிச்ச இலைகளை அவளே உருவினாள். அப்புறம் கொஞ்சம் மக்கிய எரு, ஒரு பிடி எலும்புத் தூள், அளவாகத் தண்ணீர். பிண்ணாக்கு டப்பா பரணுக்குப் போயிற்று.

பதினைந்து நாள் வெறும் குச்சிதான். தினம் காலையில் அம்மா அதன் முன்னால் போய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். வலையங்குளத்து வைத்தியம் பலிக்காவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் கணுவுக்குக் கணு சிவப்பும் பச்சையுமாகக் குருத்து எட்டிப் பார்த்தது. தை முழுவதும் இலை. மாசியிலும் இலை. "மறுபடியும் இலைதானா?" என்று நான் முணுமுணுத்தேன். "சும்மா இரு, பயமுறுத்தாதே அதை" என்றாள் அம்மா.

மார்ச் மாதம் இரண்டாவது வாரம், ஒரு நாள் காலை, ஆபீஸுக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்த என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். புதுக் கிளையின் நுனியில் அரிசி மணி போல மூன்று அரும்பு. இன்னொரு நுனியில் இரண்டு. அதற்குப் பிறகு ஐந்து நாள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பறித்த அன்று மொத்தம் ஐந்து மொட்டு. "ஐந்து மொட்டுக்கு நார் எதற்கு?" என்று அம்மா ஒரு தையல் நூலிலேயே கட்டினாள். இரண்டை அப்பா படத்துக்கு வைத்தாள். மூன்றை என் பெண்ணின் எட்டங்குலச் சடையில் செருகினாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வீடு முழுவதும் மதுரை வாசனை அடித்தது.

"மறு வருஷம் கார்த்திகையில் நீ ஊரில் இருப்பாயோ மாட்டாயோ, உன் உத்தியோகம் அப்படி" என்றாள் அம்மா இருட்டில். "அந்தக் கத்தரியை எங்கே வைத்திருக்கிறாய் என்று காட்டிவிட்டுப் போ. நானே வெட்டிக் கொள்கிறேன்."